அறுநூற்று அறுபது ரூபாய் வித்தியாசம்

காவேரிக்கு இந்தக் கரையில் ஒரு நகராட்சி, அந்தக் கரையில் ஒரு நகராட்சி என்று அந்தக் காலத்தில் தனித்தனியாக இருந்தன. இரண்டில் எதில் நான் வேலை பார்த்தேன் என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் அப்போது அங்கே இருந்தவர்களின் பிள்ளைகளும் பேரன்களும் "எங்க தாத்தாவையா சொல்றா இந்தக் கிழவி?" என்று சண்டைக்கு வருவார்கள். நான் யாரையும் சொல்லவில்லை. என்னைத்தான் சொல்கிறேன்.

அப்பா காலேஜ் லேபில் வேலை பார்த்தவர். நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பில் போய்விட்டார். அம்மா, இரண்டு தம்பிகள், பாலக்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வாடகை வீடு. ஐம்பதுகளின் கடைசியில் பரீட்சை எழுதி நகராட்சியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். பொம்பளைப் பிள்ளையை வரி வசூலுக்குத் தெருத்தெருவாக அனுப்ப முடியாது என்று கணக்குப் பிரிவில் உட்கார வைத்தார்கள். இரண்டே வருஷத்தில் பட்ஜெட் வேலை என் மேஜைக்கு வந்துவிட்டது. நான் கெட்டிக்காரி. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டிய சங்கதி வேறு இருக்கிறது.

நகராட்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஊரில் ஒருவருக்கும் தெரியாது. தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது மட்டும் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். வீட்டு வரி என்று ஒன்று உண்டு, அதைக் கேட்டுப் போனால் வீட்டுக்காரர் எப்போதும் ஊரில் இருக்க மாட்டார். தொழில் வரியில் பாக்கி வைப்பதில் வக்கீல்களை யாரும் மிஞ்ச முடியாது. மாட்டு வண்டிக்கும் சைக்கிளுக்கும் வரி கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்போம். மார்க்கெட் கடைகளையும் வண்டிப்பேட்டையையும் வருஷா வருஷம் ஏலம் விடுவோம். ரோட்டோரப் புளிய மரத்தில் காய்க்கும் புளிகூட ஏலம்தான். ஊர்க் குப்பையை மக்க வைத்து எருவாகக் குடியானவர்களுக்கு விற்போம். மிச்சத்துக்குச் சர்க்கார் மானியம், அது வரும்போதுதான் வரும்.

இந்த வரவை வைத்துக்கொண்டு பட்ஜெட்டில் துண்டு விழாமல் காட்ட வேண்டும். துண்டு விழுந்தால் மேலிடத்திலிருந்து கேள்வி வரும். அதனால் வராது என்று தெரிந்த வரியையும் வரும் என்று எழுதுவோம். செலவில், கேட்க ஆளில்லாத ஐட்டமாகப் பார்த்துக் குறைப்போம். தன் வார்டு விளக்குக் கம்பத்தில் கை வைத்தால் கவுன்சிலர் மேஜையில் ஏறிக் குதிப்பார். ஆஸ்பத்திரிப் பஞ்சையும் பினாயிலையும் குறைத்தால் யாரும் குதிக்க மாட்டார்கள்.

பட்ஜெட் புத்தகம் தயாராகும் விதத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது புரியாது. புதிதாக ஒன்றை யாரும் உட்கார்ந்து எழுதுவதில்லை. போன வருஷம் அச்சான புத்தகத்தில் ஒரு பிரதியை எடுத்துக்கொள்வோம். எந்த ஐட்டத்தில் தொகை மாறுகிறதோ, அதை மட்டும் ஒரு காகிதச் சீட்டில் புதிதாக எழுதி, பழைய ஐட்டத்தின் மேல் பசை தடவி ஒட்டுவோம். மாறாததை அப்படியே விட்டுவிடுவோம். ஒட்டி முடித்த பிரதி அச்சாபீசுக்குப் போகும். அவர்கள் கண்ணுக்குத் தெரிவதை அப்படியே அச்சுக் கோர்ப்பார்கள். பியூன் மைதா மாவில் பசை காய்ச்சித் தருவார். பிப்ரவரி பூராவும் என் விரலெல்லாம் பிசுபிசுவென்று இருக்கும். வீட்டுக்குப் போனால் அம்மா, "ஆபீசுக்குப் போனியா, தோசை சுடப் போனியா?" என்பாள்.

எங்கள் நகராட்சிக்கு ஒரு பிரசவ விடுதி இருந்தது. அதில் ஒரு ஆயா. ஐம்பதைத் தாண்டியவர், புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தற்காலிக வேலை. தற்காலிகம் என்றால் ஒவ்வொரு வருஷமும் பட்ஜெட்டில் 'தற்காலிக ஆயா - 1' என்று அச்சாக வேண்டும். அச்சானால் அந்த வருஷம் வேலை இருக்கிறது, அச்சாகாவிட்டால் ஏப்ரல் முதல் தேதி வேலை இல்லை. இது அவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் ஜனவரி பிறந்ததும் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்பார்.

"எம் பேரு இருக்குங்களா, கிளார்க்கம்மா?"

"பேரெல்லாம் போட மாட்டாங்க. ஆயா ஒண்ணுன்னு இருக்கு."

"அந்த ஒண்ணு நான்தானுங்களே?"

"நீதான், நீதான். போ."

அந்த வருஷம் அவர் உடனே போகவில்லை. மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒம்போது வருசம் ஆச்சுங்க. இந்த வருசமும் முறியாம தாண்டிட்டா பர்மனென்ட் பண்ணுவாங்களாம், டாக்டரம்மா சொன்னாங்க. அப்புறம் பென்ஷன் உண்டாமே. எனக்குப் புள்ளையா குட்டியா? பென்ஷன்தானுங்க எனக்குப் புள்ள."

"நான் பாத்துக்கறேன், நீ போய் வேலையைப் பாரு" என்றேன். என்னைவிட முப்பது வயது மூத்தவரை நீ, வா, போ என்றுதான் பேசினேன். ஆபீசில் எல்லோரும் அப்படித்தான் பேசினார்கள். அது தப்பு என்றுகூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

எங்கள் ஹெட் கிளார்க் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் பளிச்சென்று திருமண், கக்கத்தில் நீள நோட்டு. பட்ஜெட்டின் மொத்தத் தொகையை அந்த நோட்டில் தாமே தனியாகக் கூட்டி வைத்திருப்பார். நான் ஒட்டிய பிரதியை நான் கூட்டிப் பார்க்க வேண்டும், இரண்டும் ஒத்துப்போக வேண்டும். போனால்தான் கையெழுத்துப் போடுவார்.

பிரதியை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய நாள் சாயங்காலம். அச்சாபீஸ் ஆள் வராந்தாவில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு நிற்கிறான். நான் கூட்டுகிறேன், அவர் நோட்டைவிட அறுநூற்று அறுபது ரூபாய் குறைகிறது. திரும்பக் கூட்டினேன். அதே அறுநூற்று அறுபது. கணக்குப் பிரிவில் இதற்கெல்லாம் வழி உண்டு. வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்போம். மீதியில்லாமல் வகுபட்டால் எங்கோ இலக்கம் இடம் மாறி விழுந்திருக்கிறது என்று தேடலாம். வகுபடவில்லை. பாதியாக்கி, முந்நூற்று முப்பது எங்காவது கூட்டுவதற்குப் பதில் கழிக்கப்பட்டிருக்கிறதா என்று தேடினேன். இல்லை. பன்னிரண்டால் வகுக்க எனக்குத் தோன்றவேயில்லை. வகுத்திருந்தால் ஐம்பத்தைந்து வந்திருக்கும், மாதம் ஐம்பத்தைந்து ரூபாய் என்றால் அது ஒரு ஆளுடைய சம்பளம் என்று எந்த மடையனுக்கும் தெரிந்திருக்கும்.

"என்னம்மா, டேலி ஆயிடுத்தா? பிரஸ்காரன் நிக்கறான் பாரு" என்று ஹெட் கிளார்க் அறையிலிருந்து குரல் வந்தது.

'கொஞ்சம் வித்தியாசம் இருக்கு சார்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் வந்து உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்திருப்பார், கண்டுபிடித்திருப்பார். ஆனால் என் கெட்டிக்காரத்தனம் என்ன ஆவது? பொம்பளைக்குக் கணக்கு வராது என்று பக்கத்து மேஜைகளில் முணுமுணுப்பதற்கா இரண்டு வருஷம் பாடுபட்டேன்? கடைசிப் பக்கத்தில் 'இதர செலவினங்கள்' என்று ஒரு ஐட்டம் இருந்தது. எதிலும் சேராததெல்லாம் அதில் சேரும். அதன் தொகையோடு அறுநூற்று அறுபதைக் கூட்டி, புதுச் சீட்டு எழுதி ஒட்டினேன்.

"ஆயிடுச்சு சார்."

"பெருமாள் க்ருபை" என்று சொல்லி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. என்னை நம்பினார்.

கவுன்சில் கூட்டத்தில் விளக்குக் கம்பத்துக்கு ஒரு மணி நேரம், சேர்மன் கார் பெட்ரோலுக்கு ஒரு மணி நேரம் சண்டை. பிரசவ விடுதிப் பக்கத்தை யாரும் திருப்பவில்லை. பட்ஜெட் நிறைவேறியது. உபரி பட்ஜெட் என்று எல்லோரும் கை தட்டினார்கள், எங்கள் பிரிவுக்குக் காப்பியும் கேசரியும் வந்தது. நான் இரண்டு தரம் கேசரி வாங்கிச் சாப்பிட்டேன்.

மே மாத முதல் வாரத்தில் பிரசவ விடுதிச் சம்பளப் பட்டியல் ஆடிட்டிலிருந்து திரும்பி வந்தது. ஆயாவின் பெயரைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, 'இப்பதவிக்கு நடப்பு ஆண்டில் ஒதுக்கீடு இல்லை' என்று எழுதியிருந்தது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஆடிட்டுக்குக் கண் தெரியவில்லை என்று அச்சான புத்தகத்தைப் புரட்டினேன். மருத்துவச்சிகள் இருந்தார்கள், தோட்டி இருந்தார், ஆயா இல்லை. பீரோவிலிருந்து நான் ஒட்டிய பிரதியை எடுத்தேன். மருத்துவச்சிகளின் சம்பளம் கூடியிருந்ததால் அங்கே ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். சீட்டை அகலமாகக் கத்தரித்துவிட்டேன். நகத்தால் அதன் கீழ் ஓரத்தை மெல்ல உரித்தேன். பசை காய்ந்து மொறுமொறுவென்று வந்தது. அடியில் 'தற்காலிக ஆயா - 1' என்று அச்செழுத்து முழுசாக இருந்தது. எதிரே அறுநூற்று அறுபது.

ஐயோ, என் சீட்டுதான் அந்த ஆயாவை மூடியிருந்தது. உரித்த ஓரத்தை எச்சில் தொட்டு மறுபடி ஒட்டி, பிரதியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன்.

அன்று மத்தியானமே ஆயா வந்துவிட்டார். "சம்பளம் வரலீங்களே, கிளார்க்கம்மா."

என் வாயில் வந்தது இதுதான்: "உக்காருங்க."

அவர் உட்காரவில்லை, திகைத்துப்போய் நின்றார். அதுவரை அந்த ஆபீசில் அவரை யாரும் 'உட்காருங்க' என்று சொன்னதில்லை. ஏதோ கெட்ட செய்தி என்று அதிலேயே புரிந்துகொண்டிருப்பார்.

"இந்த வருஷம் கவுன்சில்ல குறைச்சிட்டாங்க" என்றேன். "பணம் இல்லையாம்."

"ஒரு ஆயாவுக்குக்கூடவா பணமில்ல?"

"இல்லைங்கறாங்க."

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். பிறகு, "பெரியவங்க குறைச்சா நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்" என்று எனக்கே ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

செய்வதற்கு வழி இல்லாமல் இல்லை. நடுவருஷத்தில் துணை மதிப்பீடு என்று ஒன்று கவுன்சிலுக்கு அனுப்பலாம், விட்டுப்போனதைச் சேர்க்கலாம். ஆனால் ஏன் விட்டுப்போனது என்று விளக்கம் எழுத வேண்டும். விட்டுப்போனது சீட்டின் குற்றம் என்று எழுதினால், அப்படியானால் மொத்தம் எப்படி ஒத்துப்போனது என்ற கேள்வி வரும். சீட்டைப் பெரிதாகக் கத்தரித்தது கைப்பிசகு, அதற்கு மெமோ கொடுத்து விட்டுவிடுவார்கள். 'இதர செலவினங்களில்' அறுநூற்று அறுபதைச் செருகியது பொய்க் கணக்கு. எனக்கு இன்னும் புரொபேஷன் முடியவில்லை. வேலை போனால் தம்பிகளின் படிப்பு போகும், வாடகை போகும். பிரசவ விடுதி டாக்டரம்மா ஆயா வேண்டும் என்று எழுதிய கடிதம் என் மேஜைக்குத்தான் வந்தது. 'அடுத்த ஆண்டு பட்ஜெட்டில் பரிசீலிக்கலாம்' என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். அந்தக் குறிப்பு ரொம்ப நன்றாக இருக்கிறது என்று கமிஷனர் ஓரத்தில் டிக் போட்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும், மனசு கேட்காமல் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போனேன். ஹெட் கிளார்க்கிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. உத்தர வீதியில் அவர் வீடு. வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது, கடைசிப் பெண்ணுக்குக் கல்யாணம். அவருக்கு ஆபீசில் ஒரே ஒரு மாதச் சர்வீஸ்தான் பாக்கி.

"வாம்மா, வா. ஆத்துக்கெல்லாம் வந்திருக்கே. எதாவது விசேஷமா?"

"சும்மாதான் சார். கல்யாண வேலை ஏதாவது இருந்தா…"

"பெருமாள் பாத்துப்பார். பென்ஷன் பேப்பர் போயிருக்கு. ஒரு மெமோ, ஒரு ஆட்சேபணை இல்லாம முப்பத்தஞ்சு வருஷம் ஓட்டிட்டேன். அந்தப் பணம் வந்தாத்தான் சம்பந்தி ஆத்துக்குச் சொன்னதைச் செய்யணும்."

பிரதியில் கையெழுத்து அவருடையது. நான் வாயைத் திறந்தால் முதலில் நிற்பது அவர் பென்ஷன். அவர் வீட்டு அம்மாள் கொடுத்த காப்பியைக் குடித்தேன், கல்யாணத்துக்கு அவசியம் வருகிறேன் என்று சொன்னேன், திரும்பிவிட்டேன். பஸ் காவேரிப் பாலத்தில் வரும்போது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவருக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒரு காரணம் கிடைத்துவிட்டது. அந்தக் காரணத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

ஆயா இரண்டு மாதம் சம்பளமில்லாமலே விடுதிக்கு வந்துகொண்டிருந்தார். வந்துகொண்டே இருந்தால் வேலை தொடரும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிரசவமான வீட்டுக்காரர்கள் கையில் வைப்பதை வைத்து ஓட்டினார். அப்புறம் முடியவில்லை. அரியமங்கலத்தில் ஒரு பட்டறையில் பெருக்கித் துடைக்கப் போய்விட்டார்.

ஆவணியில் ஒரு மந்திரி வந்தார், ஏதோ அடிக்கல் நாட்டு விழா. செலவுக்குப் பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று கமிஷனர் கேட்டார். புது ஹெட் கிளார்க் புத்தகத்தைப் புரட்டி, "இதர செலவினத்துல இந்த வருஷம் தாராளமா இருக்கு சார்" என்றார். ரோஜா மாலைகள், எலுமிச்சம்பழம், ஷாமியானா, கலர் சோடா, மேடைக்கு வாடகை சோபா. அந்தப் பில்லெல்லாம் பாஸ் செய்தது நான். தொகை போட்டுக்கொண்டே வந்தேன். அறுநூற்று அறுபதையும் தாண்டிப் போனது. ஒரு மனுஷியுடைய ஒரு வருஷத்துச் சோறு அரை மணி நேரத்தில் மாலையும் சோடாவுமாகப் போனதை என் கையாலேயே எழுதினேன்.

மாதா கோயிலில், பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய்ச் சாமியாரிடம் முழங்கால் போட்டேன். "சாமி, ஆபீஸ்ல ஒரு கணக்கை மாத்தி எழுதிட்டேன்."

"காசு எடுத்தியா?"

"இல்ல சாமி."

"யாருக்காவது நஷ்டமா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. பிறகு, "இருக்கு சாமி" என்றேன்.

"அப்ப முதல்ல அதைச் சரி பண்ணு. பண்றேங்கற தீர்மானம் இல்லாம மன்னிப்பு கேக்கக் கூடாது."

தீர்மானம் இல்லை. எழுந்து வந்துவிட்டேன். அதிலிருந்து பூசைக்குப் போவேன், நற்கருணை அப்பமாகிய நன்மையை வாங்க எழுந்திருக்க மாட்டேன்; பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. பெஞ்சில் எல்லோரும் எழுந்து போக, நான் மட்டும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டு, "உண்மையைச் சொல்லிடுடி, யாரு அவன்? நம்ம வேதக்காரன்தானா?" என்று அழுதாள். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. யாரும் இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை.

அடுத்த பட்ஜெட்டில் நானே பிரசவ விடுதிக்கு ஓர் ஆயா எவ்வளவு அவசியம் என்று இரண்டு பக்கம் வரிந்துகட்டி எழுதினேன். மந்திரி விழாவில் பெயர் வாங்கியிருந்த கமிஷனர் உடனே ஒப்புக்கொண்டார். ஆனால் வருஷம் முறிந்துவிட்டதால் அது பழைய பதவி இல்லை, புதுப் பதவி. ஆர்டர் வாங்க வந்த ஆயா, "சமயபுரத்தா கண்ணைத் தொறந்துட்டா" என்று ஆபீஸ் நடுவிலேயே கும்பிட்டார். ஒன்பது வருஷமும் கணக்கிலிருந்து போய்விட்டது, இன்றைக்குத்தான் முதல் நாள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. சந்தோஷமாக இருக்கிறவரிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் ஒரு சாக்குதான்.

எனக்குப் புரொபேஷன் முடிந்தது, தம்பிகள் படித்து வேலைக்குப் போனார்கள், எனக்குக் கல்யாணம் ஆனது. பிரசவத்துக்கு எங்கள் விடுதிக்கே வரச் சொல்லி டாக்டரம்மா கூப்பிட்டார். நான் கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த ஆயாவின் கையில் என் பிள்ளை போய் விழுவதை என்னால் தாங்க முடிந்திருக்காது. ஸ்ரீரங்கத்து ஹெட் கிளார்க் பென்ஷன் வாங்கி, பேரன் பேத்தி எடுத்து, ஒரு மார்கழியில் காலமானார். துக்கம் கேட்கப் போயிருந்தேன். இனிமேல் அவரைக் காரணம் காட்ட முடியாது என்று அங்கே உட்கார்ந்திருக்கும்போதே தோன்றியது.

அறுபதுகளின் கடைசியில் ஆயாவுக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. நான் அப்போது ஹெட் கிளார்க். சூப்பிரண்டு பதவிக்கு என் பெயர் போயிருந்தது. ஓய்வுக் காகிதங்களைத் தயாரிக்கிற வேலை என் மேஜைக்கே வந்தது. விதியைப் படித்தேன். திரும்பச் சேர்ந்ததிலிருந்து மட்டும் எண்ணினால் பென்ஷனுக்குச் சர்வீஸ் போதாது. முன்னால் இருந்த ஒன்பது வருஷத்தையும் சேர்த்தால் தாராளமாகப் போதும். நடுவில் விழுந்த முறிவு அலுவலகத்தின் தவற்றால் ஏற்பட்டது என்று காரணம் காட்டினால், சர்க்கார் அதை மன்னித்துச் சேர்த்துக்கொள்ளும். பணம் ஒதுக்காததால் ஏற்பட்டது என்றால் சேர்த்துக்கொள்ளாது. படிவத்தில் அதற்காகவே ஒரு கட்டம் இருந்தது: 'முறிவுக்கான காரணம்'.

பென்சிலை எடுத்தேன். 'பட்ஜெட் பிரதி ஒட்டுகையில் எழுத்தரின் தவறு' என்று எழுதினேன். மூன்று நாள் அந்தப் படிவம் என் டிராயருக்குள் கிடந்தது. அந்த எழுத்தர் யார் என்று கேட்பார்கள். மொத்தம் எப்படிச் சரியானது என்று கேட்பார்கள். இப்போது தம்பிகளின் படிப்பு இல்லை, புரொபேஷன் இல்லை, ஸ்ரீரங்கத்துப் பெரியவர் இல்லை. நஷ்டம் எனக்கு ஒருத்திக்குத்தான், அதுவும் ஒரு பிரமோஷன். நாலாம் நாள் காலையில் ரப்பரால் அழித்தேன். பேனாவால், 'வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கீடு இல்லாமை' என்று எழுதினேன்.

ஆயாவை வரச் சொன்னேன். நரைத்துப்போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்கார்ந்தார்.

"என்ன எழுதியிருக்குங்க? வாசிச்சுக் காட்டுங்க" என்றார்.

வாசித்தேன். பிறந்த தேதி, சேர்ந்த தேதி, முறிந்த தேதி, திரும்பச் சேர்ந்த தேதி. அந்தக் கட்டத்துக்கு வந்தபோது, "அந்த வருஷம் பட்ஜெட்ல பணம் ஒதுக்கலைன்னு எழுதியிருக்கு" என்றேன்.

"ஆமா, அப்படித்தானே ஆச்சு." யோசித்தார். "இதுனால பென்ஷனுக்கு ஒண்ணும் வராதுங்களே?"

"மேல அனுப்பறோம். அவங்க பாத்துச் சொல்லுவாங்க."

"நீங்க எழுதினா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. இடது கைப் பெருவிரலை நான்தான் பிடித்தேன். மைத் திண்டில் வைத்து, படிவத்தின் அடியில் நகத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் அழுத்தி உருட்டினேன். பிள்ளைகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்துபோன விரல், ரேகை சரியாக விழவில்லை. பக்கத்தில் இன்னொரு தரம் உருட்டினேன். அவர் சேலைத் தலைப்பில் விரலைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, அதன் கீழே 'என் முன்னிலையில் வைக்கப்பட்டது' என்று எழுதி என் கையெழுத்தைப் போட்டேன்.